பூரிக்கட்டையை விட்டால் சிரிக்க வேறொன்றும் இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வரும் நகைச்சுவைப் பக்கத்தைக் கண்டித்து வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைச் சென்ற வாரம் படித்தேன். திருமணத்தைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதுவதால் குடும்பங்களின் மதிப்புக் குறைகிறது என்றும், தேவாலயத்தில் நடக்கும் வேடிக்கைகளை அச்சிடுவதால் ஆராதனையின் பரிசுத்தம் கெடுகிறது என்றும் அவர் வருந்தியிருந்தார். அவரும் என்னைப் போலவே கிறிஸ்தவர் என்பது கடிதத்தின் நடையிலேயே தெரிந்தது. அவர் சொன்னதில் பாதியை ஒப்புக்கொண்டும் மறுபாதியை மறுத்தும் இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் 31 ஆண்டுகள் தமிழ் நடத்தியவள் என்பதால் கடிதம் நீளும். தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒப்புக்கொள்ளும் பாதி. தங்கள் பக்கத்தில் வாராவாரம் ஒரு மனைவி பூரிக்கட்டையோடு கதவருகே நிற்கிறாள். தலை வீங்கிய கணவன் ஒருவன் நண்பனிடம் புலம்புகிறான். மாமியார் ஊருக்குக் கிளம்பினால் மருமகன் பட்டாசு வாங்குகிறான். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் இவர்கள் இதே வேலையைச் செய்து வருகிறார்கள்; ஒருவருக்கும் வயதாகவில்லை, ஓய்வூதியமும் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு பூரிக்கட்டை உண்டு. திருமணத்தின்போது என் பெரியம்மா சீராகக் கொடுத்த அந்தக் கட்டை இந்த 42 ஆண்டுகளில் சப்பாத்தி தேய்த்திருக்கிறது, சுக்கு நசுக்கியிருக்கிறது, ஒரு கோடை விடுமுறை முழுவதும் மாடியில் பிள்ளைகளின் கிரிக்கெட் ஆட்டத்துக்கு நடு ஸ்டம்பாக நின்றிருக்கிறது. என் கணவரின் தலையை அது ஒருநாளும் அறிந்ததில்லை. ஆகவே அந்தத் துணுக்குகளைப் படிக்கும்போது எங்கள் இருவருக்குமே சிரிப்பு வருவதில்லை; முன்பின் தெரியாதவர்களின் சண்டையை மதில்மேல் ஏறி நின்று பார்ப்பதுபோல் இருக்கிறது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில், உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளாகிய எட்டு மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்தும்போது சிரிப்பாகிய நகையைத்தான் முதலில் வைக்கிறார். அந்த நகை எவற்றிலிருந்து பிறக்கிறது என்றும் அவரே சொல்லிவிடுகிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் என்பது இகழ்ச்சி. இளமை என்பது பிள்ளைத்தனம். பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது ஒன்றைச் சொல்லிக்கொடுத்தால் அதை அப்படியே பிடித்துக்கொண்டு விடாமல் நிற்கும் வெகுளித்தனம். இந்த நூற்பாவை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் பிள்ளைகள் உதாரணம் கேட்பார்கள். எள்ளலுக்கு உதாரணம் தேடி நான் எங்கும் போனதில்லை. பத்திரிகைத் துணுக்குகளே போதுமானவையாக இருந்தன. மற்ற மூன்றுக்கும் என் திருமணத்தின் முதலாண்டில் உதாரணங்கள் குவிந்து கிடந்தன. ஆனால் ஆசிரியை ஒருத்தி அவற்றைக் கரும்பலகைக்கு முன்னால் நின்று சொல்ல முடியுமா? இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். தங்கள் பக்கம் நான்கில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற மூன்றையும் கைவிட்டுவிட்டது என்பதே என் குறை. அதைக் காட்டுவதற்காகவே இனி வருபவற்றைச் சொல்கிறேன்.

நான் ஆம்பூரில் பிறந்தவள். ஆம்பூரும் வாணியம்பாடியும் அமெரிக்க மிசௌரி லுத்தரன் மிஷன் வேரூன்றிய ஊர்கள். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக லுத்தரன் சபையைச் சேர்ந்தது. 1983ஆம் ஆண்டு மே மாதத்தில், கத்திரி வெயிலில், வேலூருக்கு வாழ்க்கைப்பட்டேன். என் கணவரின் குடும்பமோ தென்னிந்தியத் திருச்சபை. 1853இல் ஸ்கடர் குடும்பத்தார் தொடங்கிய ஆற்காடு மிஷனின் வழியில் வந்தவர்கள். இரண்டு மிஷன்களும் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தவைதாம். இரண்டு ஊர்களுக்கும் இடையே 50 கிலோமீட்டர் தூரந்தான். இருந்தாலும், எங்கள் ஊர்க் கோயிலில் ஜெபத்துக்கு எழுந்து நிற்போம், பாட்டுக்கு உட்கார்ந்துகொள்வோம். இவர்கள் பாட்டுக்கு எழுந்து நிற்பார்கள், ஜெபத்துக்கு உட்கார்ந்து தலைகுனிவார்கள், சிலர் முழங்காற்படியிடுவார்கள். இதை என்னிடம் ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஒரு சங்கதி என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

திருமணத்துக்குப் பிந்திய முதல் ஞாயிறு. பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் பட்டுப்புடவையோடும் தலை நிறைய மல்லிகையோடும் என்னை உட்காரவைத்தார்கள். "ஜெபம் செய்வோமாக" என்று ஆயர் சொன்ன மறுகணம் பழக்கத்தால் எழுந்து நின்றேன். கண்களை மூடியிருந்ததால் நான் ஒருத்திதான் நிற்கிறேன் என்பது தெரியவில்லை. ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தால், அறுவடை முடிந்த வயலில் ஒற்றைப் பனைமரம்போல நின்றுகொண்டிருக்கிறேன். வெட்கத்தோடு உட்கார்ந்தேன். அடுத்த நொடி ஆர்மோனியம் ஒலித்தது. சபை முழுவதும் எழுந்தது. நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். பின்வரிசைப் பாட்டியம்மா ஒருவர் என் தோளைத் தொட்டு, "உடம்பு சரியில்லையா கண்ணு?" என்று கேட்டார். ஆண்கள் பக்கத்தைத் திரும்பிப் பார்த்தேன். கீர்த்தனைப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு என் கணவர் நின்றார், புத்தகம் குலுங்கிக்கொண்டிருந்தது. அதுவரை அவரோடு நான் பேசிய சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தப் புத்தகம் குலுங்குவதைப் பார்த்தவுடன் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாத இடத்தில் வரும் சிரிப்புக்கு ஒரு தனிக் குணம் உண்டு; அடக்க அடக்க அது வயிற்றுக்குள் இறங்கி நின்றுகொள்ளும். அன்றைய பிரசங்கத்தில் ஒரு சொல்கூட எனக்கு நினைவில்லை.

அதே ஞாயிறு அத்தோடு முடியவில்லை. ஆராதனை முடிந்து பெண்கள் ஐக்கியத்தார் என்னைச் சூழ்ந்துகொண்டு விசாரித்தார்கள். அவர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றுப் போனபின் பார்த்தால், வளாகத்தில் என் கணவரையும் காணோம், அவருடைய சைக்கிளையும் காணோம். நடந்தது இதுதான்: 28 ஆண்டுகளாக ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போவது அவர் வழக்கம், அன்றும் அப்படியே போய்விட்டார். தமக்கு மனைவி என்று ஒருத்தி வந்து எட்டு நாளாகிறது என்பது கால்களுக்கு இன்னும் எட்டவில்லை. காய்ச்சலால் அன்று கோயிலுக்கு வராமல் வீட்டிலிருந்த என் மாமியார், "இன்னாடா, போம்போது ரெண்டு பேரா போனீங்க, இப்ப ஒத்தையா வந்து நிக்கிற?" என்று கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்திருக்கிறது.

எனக்கோ வீடு இருந்த தோட்டப்பாளையத்துக்கு வழி தெரியாது. கோயில் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் நீர் தளும்பியது. மணியடிக்கும் பெரியவர் கதவுகளைப் பூட்டிக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்து நின்றார். நிலைமையைக் கேட்டுக்கொண்டு, சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு படி தள்ளி உட்கார்ந்தார். "யோசேப்பும் மரியாளும் எருசலேம் பண்டிகைக்குப் போயிட்டு, பெத்த புள்ளையவே வுட்டுட்டு ஒரு நாள் தூரம் நடந்துட்டாங்கம்மா. இவன் பொண்டாட்டிய வுட்டுட்டு ரெண்டு தெரு தான போயிருக்கான்? அவங்களும் கடைசியில கோயில்லதான் கண்டுபுடிச்சாங்க. நீ கோயில விட்டு எழுந்து போயிடாத, அவ்ளோதான்" என்றார். மூச்சிரைக்கச் சைக்கிளில் திரும்பி வந்த என் கணவர், அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்த மனைவி படிக்கட்டில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைப் பார்த்துத் திகைத்துப் போனார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். நான் பின் கேரியரில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தேன். எங்களுக்குள் இருந்த கூச்சம் அந்த இரண்டு தெருவில் எங்கோ இறங்கிக்கொண்டது.

இதைப் பத்திரிகையில் எழுதினால் ஆராதனைக்கு இழுக்கு வந்துவிடுமா? சென்ற வாரத்து வாசகரை நான் வேதாகமத்தையே திறந்து பார்க்கச் சொல்கிறேன். ஈசாக்கு என்னும் பெயருக்கே நகைப்பு என்பதுதான் பொருள். நூறு வயதில் பிள்ளை பிறக்கும் என்று கேட்டவுடன் முகங்குப்புற விழுந்து சிரித்தவர் ஆபிரகாம். பிறகு கூடாரத்தின் கதவுக்குப் பின்னாலிருந்து சாராளும் தனக்குள்ளே சிரித்தாள். ஆனால் "ஏன் நகைத்தாய்?" என்ற விசாரணை சாராளுக்கு மட்டுந்தான் நடந்தது. முதலில் சிரித்த கணவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்பதைப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் நான் எடுத்துச் சொன்னபோது கூட்டமே ஆரவாரித்தது. பவுல் நள்ளிரவுவரை பிரசங்கம் செய்துகொண்டிருக்க, ஜன்னலில் உட்கார்ந்து தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்த ஐத்திகுவின் கதை அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. அவன் உயிரோடு எழுப்பப்பட்ட பிறகு பவுல் மேலே ஏறிப்போய் விடியும்வரை பேசினார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். பேதுருவுக்காக உள்ளே எல்லாரும் ஊக்கமாக ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். சிறையிலிருந்து விடுபட்ட பேதுரு வந்து வாசற்கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற பெண் சந்தோஷத்தில் கதவைத் திறக்க மறந்து உள்ளே ஓடுகிறாள். ஜெபித்தவர்களோ, பிதற்றாதே என்று அவளையே அதட்டுகிறார்கள். இதை எழுதிவைத்த லூக்கா பேனாவைப் பிடித்துக்கொண்டு புன்னகைக்கவில்லை என்று யாராவது என்னிடம் சாதித்தால் நான் நம்பமாட்டேன்.

எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவு எட்டு மணிக்கு மாமா வேதபாடம் வாசிப்பார். பிறகு ஒவ்வொருவராக ஜெபிக்க வேண்டும். பிறர்மேல் உள்ள குறையை அவர் முகத்துக்கு நேரே சொல்லாமல் ஆண்டவரிடம் சொல்வது தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் கைதேர்ந்த ஒரு கலை. கேட்க வேண்டியவர் ஒன்றரை அடி தூரத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடிதம் மட்டும் பரலோகத்தின் விலாசத்துக்குப் போகும். திருமணமான மூன்றாம் வாரம், பகலில் நான் வைத்த குழம்பில் உப்பு குறைந்துவிட்டது. மேசையில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு அத்தை உலகச் சமாதானத்துக்காகவும், மழைக்காகவும், பாலாற்றில் தண்ணீர் வருவதற்காகவும், ஊரிலுள்ள வியாதியஸ்தர்களுக்காகவும் ஜெபித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஆண்டவரே, நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள் என்று எங்களுக்குச் சொன்னவரே, உப்பினால் வரும் சாரத்தை இந்த வீட்டின் சமையலறைக்கும் கட்டளையிடும்" என்றார்.

அடுத்து ஜெபிக்க வேண்டியவள் நான். பேதைமைதான், வேறென்ன சொல்ல? யாரிடம் எதைப் பேசலாம் என்று தெரியாத 23 வயது. "ஆண்டவரே, மறைந்திருக்கிறதையெல்லாம் வெளிப்படுத்துகிறவரே, இந்த வீட்டில் உப்பு ஜாடி எந்த அலமாரியில் மறைந்திருக்கிறது என்பதை எனக்கு வெளிப்படுத்தும்" என்றேன். ஜாடியை அன்று காலையில் அத்தைதான் எறும்புக்குப் பயந்து இடம் மாற்றி வைத்திருந்தார். சமையலறையில் தேடித் தேடிக் கிடைத்த ஒரு பிடியைத்தான் நான் குழம்பில் போட்டிருந்தேன். சிறிது நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு மாமா இருமுவதுபோல ஒரு சத்தம் செய்தார். இருமல் நீண்டது. என் கணவர் எழுந்து தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லிச் சமையலறைக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். கடைசியில் மாமா, முறைப்படி தாம் செய்ய வேண்டிய முடிவு ஜெபத்தை முழுவதுமாக விட்டுவிட்டு, "ஆமென்" என்று ஒரே போடாகப் போட்டு முடித்தார். மறுநாள் காலை நான் அடுப்படிக்குப் போனபோது உப்பு ஜாடி அடுப்புக்குப் பக்கத்தில், என் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. அத்தை காப்பியை ஆற்றிக்கொண்டே, "உன் ஜெபம் கேக்கப்பட்டுச்சு" என்றார். அவர் உயிரோடிருந்த வரையில் எங்கள் வீட்டில் எதைத் தேடினாலும், "ஜெபத்துல வைடி" என்பதே பேச்சாக இருந்தது. மாமியார் துணுக்கு எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு மாமியார் வாய்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

வேலூரில் புதுமணத் தம்பதிகளுக்கென்று ஒரு தனிச் சோதனை உண்டு. அதை வெளியூர்க்காரர்கள் அறியமாட்டார்கள். 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணி பெரிய மருத்துவமனையாக வளர்ந்து, இந்தியாவின் எல்லா மூலைகளிலிருந்தும் நோயாளிகளைக் கொண்டுவந்து சேர்க்கிறது. வேலூரில் வீடு வைத்திருப்பவர்களுக்கு உறவினர்கள் இல்லாத ஊரே கிடையாது என்பது நோய் வரும்போதுதான் தெரியும். எங்கள் வீடு தோட்டப்பாளையத்தில், மருத்துவமனையிலிருந்து நடந்துவரும் தூரத்தில் இருந்தது. இரண்டு அறை, ஒரு தாழ்வாரம். புதிதாகத் திருமணமானவன் ஒரு வருடம் யுத்தத்துக்குப் போக வேண்டாம், வீட்டிலிருந்து தன் மனைவியைச் சந்தோஷப்படுத்துவானாக என்று உபாகமத்தில் ஒரு கட்டளை இருக்கிறது. அருமையான கட்டளை. ஆனால் வீட்டுக்கு வரும் ஒன்றுவிட்ட சித்தப்பாக்களைப் பற்றி மோசே ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

அந்த ஆண்டு எங்களோடு தங்கியவர்களில் மறக்க முடியாதவர் என் கணவருக்கு மாமா முறையாகும் ஒரு பெரியவர். பித்தப்பைக் கல்லுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, எடுத்த கற்களை ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் வாங்கிவந்து, எங்கள் கூடத்து அலமாரியில் எங்கள் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வருகிறவர்களுக்கெல்லாம் முதலில் குப்பியைக் காட்டுவார். பிறகு, "இது இவங்க கல்யாண போட்டோ" என்பார். ஊருக்குப் போகுமுன் கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை செலுத்திச் சாட்சி சொல்ல விரும்பினார். ஆயரும் அனுமதித்தார். மேடையேறியவர் சட்டைப்பையிலிருந்து குப்பியை எடுத்துச் சபைக்கு முன்பாக உயர்த்திப் பிடித்து மெல்ல ஆட்டினார். கலகலவென்று ஒலித்தது. முன்வரிசையில் இருந்த ஞாயிறு பள்ளிப் பிள்ளை ஒன்று, "எனக்கு ஒண்ணு குடுங்க தாத்தா" என்று கையை நீட்டியது. சபை சிரித்தது, ஆயரும் சிரித்தார், பெரியவரும் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு பாடிய பாட்டில் இருந்த உற்சாகத்தை அந்தக் கோயிலில் நான் அதிகம் கேட்டதில்லை.

எள்ளலைப் பற்றிக் குறைசொல்லும் நான் அதில் குற்றமற்றவள் என்று பொய் சொல்லக் கூடாது. பாடகர் குழுவில் சேர்ந்த புதிதில், சிறுவன் ஒருவன் தானியேல் புத்தகத்திலிருந்து வேதபாடம் வாசித்தான். நேபுகாத்நேச்சார் என்ற பெயர் அவன் நாக்கில் சிக்கிச் சிதறியது. ஒரே பாடத்தில் அந்தப் பெயர் பலமுறை வேறு வருகிறது. பாடகர் வரிசையில் மூன்று பேர் சிரித்துவிட்டோம். அவன் நிமிர்ந்து எங்களைப் பார்த்தான். மீதியை முணுமுணுவென்று வாசித்து முடித்துவிட்டு இறங்கினான். அந்தப் பையன் அதற்குப் பிறகு வாசிப்பு மேடையில் ஏறி நான் பார்த்ததில்லை. குப்பியைக் கண்டு சிரித்ததும் இதே கோயிலில்தான். ஆனால் அந்தச் சிரிப்பில் குப்பிக்காரரும் கூட இருந்தார்.

கடைசியாக அறுப்பின் பண்டிகை. கரும்பும் வாழையும் கட்டி, பலிபீடத்தைச் சுற்றிப் பூசணியும் நெற்கதிரும் அடுக்கி, ஆராதனை முடிந்ததும் படைத்த பொருள்களையெல்லாம் வளாகத்தில் பந்தலின் கீழ் ஏலம் விடுவது வழக்கம். ஆண்டவருக்கான ஏலம் என்பதால் எலுமிச்சம்பழம்கூட ஆட்டுக்குட்டி விலைக்குப் போகும். வாங்கியவர் அதை மறுபடியும் காணிக்கையாகக் கொடுத்து இரண்டாம் முறை ஏலம் விடச் செய்வதும் உண்டு. அன்று வந்த பொருள்களில் ஒரு கூடை எலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் இருந்தது. 2023இல் புவிசார் குறியீடு பெற்றதே, அதே கத்தரிக்காய்தான். அப்போது அதற்குக் குறியீடெல்லாம் இல்லை, காம்பில் முள் மட்டும் இருந்தது. இந்த வருடம் எலவம்பாடிக் காய் கண்ணிலேயே படவில்லை என்று அத்தை அன்று காலையில் சொல்லியிருந்ததால், அவருக்காக அதை எப்படியாவது வாங்கிவிட வேண்டுமென்று நான் நினைத்தேன். புதுப்பெண் கூட்டத்தில் குரல் கொடுப்பது அழகாக இருக்காது என்பதால், பக்கத்திலிருந்த பெரியம்மா ஒருவரிடம் எனக்காகக் கேட்கச் சொன்னேன். அவருடைய குரல் காட்பாடி ஜங்ஷன் வரைக்கும் கேட்கும்.

ஆண்கள் பக்கத்தில் என் கணவரும் அதே கூடையைப் பார்த்திருக்கிறார். ஆம்பூர்ப் பெண்ணுக்கு எண்ணெய்க் கத்தரிக்காய் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை நிறைவு பெறாது என்று நான் இரண்டு நாளைக்கு முன்னால் ஏக்கத்தோடு சொன்னது அவர் நினைவில் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாமல் வாங்கிவந்து ஆச்சரியப்படுத்த வேண்டும் என்பதற்காகப் பந்தல் காலுக்குப் பின்னால் மறைந்துகொண்டு, நண்பர் ஒருவரைக் கேட்கவைத்தார். ஏலம் மூன்று ரூபாயில் தொடங்கியது. பெரியம்மா ஐந்து என்றார். நண்பர் ஏழு என்றார். பத்தைத் தாண்டியதும் மற்றவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். பதினைந்து, பதினெட்டு, இருபத்திரண்டு. "ஆண்டவருக்குக் கொடுப்பதில் இவ்வளவு வைராக்கியமுள்ள குடும்பங்கள் நம் சபையில் இருப்பதற்காக ஸ்தோத்திரம்" என்று ஏலம் விட்ட உடற்பயிற்சி ஆசிரியர் உற்சாகப்படுத்தினார். அவர் மேசைமேல் ஏறி நின்றிருந்தார். பந்தல் காலுக்கு இந்தப் பக்கம் இருந்த என்னையும் அந்தப் பக்கம் ஒளிந்திருந்த என் கணவரையும் அவரால் நன்றாகப் பார்க்க முடிந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. கோயிலுக்கு வெள்ளையடிக்கும் வேலை பாக்கியிருந்தது.

நாற்பது என்று நண்பர் குரல் கேட்டது. நாற்பத்தொன்று என்றார் பெரியம்மா. மறுபக்கம் அமைதியானது, என் கணவரின் பையில் நாற்பது ரூபாய்தான் இருந்திருக்கிறது. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். கூடை எனக்கு வந்தது. என் கைப்பையில் இருந்ததோ பதினைந்து ரூபாய். அன்று எங்கள் வீட்டு வாடகை 120 ரூபாய் என்பதைத் தாங்கள் நினைவில் கொள்ள வேண்டும். நான் தைரியமாக, "பணத்தை என் வீட்டுக்காரர் தருவார்" என்றேன். "அவர் இங்கேதாம்மா இருக்கார்" என்று ஏலம் விட்டவர் மேசைமேலிருந்தே பந்தல் காலைச் சுட்டிக்காட்டினார். என் கணவர் வெளியே வந்தார். தோற்ற ஏலத்துக்கு, தாம் கேட்ட விலையைவிட ஒரு ரூபாய் அதிகமாகக் கட்ட வேண்டிய மனிதரின் முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பந்தலே அதிர்ந்தது. அந்த ஒரு ரூபாயை அத்தை இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்துக் கொடுத்தார்.

இவற்றில் யாருடைய தலையும் வீங்கவில்லை என்பதை ஆசிரியர் அவர்கள் கவனிக்க வேண்டும். தங்கள் வாசகர்களில் திருமணமானவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ தேவாலயத்துக்கோ போகிறவர்களும் அப்படியே. முதலாண்டில் தங்கள் வீட்டில் உண்மையில் நடந்ததை, பெயர் போடாமல் பத்து வரியில் எழுதியனுப்பும்படி ஒரு வாரம் கேட்டுப்பாருங்கள். பூரிக்கட்டைத் துணுக்கை அந்த ஒரு வாரத்துக்காவது நிறுத்திவையுங்கள். பரிசு ஏதும் வேண்டியதில்லை. அச்சில் வந்ததைக் கத்தரித்து வைத்துக்கொள்வதே எங்களைப் போன்றவர்களுக்குப் போதும்.

இக்கடிதத்தை உறையிலிடுமுன் என் கணவரிடம் படித்துக் காட்டினேன். சைக்கிள் விஷயத்தில் தாம் இரண்டு தெரு போகவில்லை, முதல் தெருவின் முனையிலேயே நினைவு வந்துவிட்டது என்று அவர் சொல்கிறார். இதை அவர் 42 ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். ஏலத்தொகையும் 41 ரூபாய் இல்லையாம், 38 தானாம். தம் பையில் இருந்தது 37 என்பதால் தமக்கு நன்றாக நினைவிருக்கிறதாம். இரண்டு கணக்கிலும் ஒரு ரூபாய் அத்தைதான் கொடுத்தார் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. தாங்கள் இதை வெளியிடுவதானால் 41 என்றே வெளியிடுங்கள். அவர் மறுப்புக் கடிதம் எழுதுவதாகச் சொல்லி இப்போதே பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறார். எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். ஜெபத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள வாசகி,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
சத்துவாச்சாரி, வேலூர்.